சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனிப் பதிவு

"சித்தப்பா, பன்னெண்டு வார வீடியோவும் பாத்துட்டேன். சர்டிபிகேட் எப்ப வரும்?"

சென்ற ஏப்ரலில் அண்ணன் மகள் இப்படிக் கேட்டாள். பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண். நார்த்தாமலையிலிருந்து தினமும் புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போய் வருகிறாள். ஸ்வயம் தளத்தில் பைத்தான் பாடம் ஒன்றில் சேர்ந்திருந்தாள்.

"பரீட்சைக்குப் பதிவு பண்ணுனியா?" என்றேன்.

"அதான் ஜனவரியிலயே சேந்துட்டேனே. ஃப்ரீன்னுதானே சொன்னாங்க?"

தேர்வுப் பதிவு பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. வாரப் பயிற்சிகளையும் அவள் அனுப்பவில்லை. பாவம், மூன்று மாதம் இரவு கண் விழித்துப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. தவறு என்னுடையதுதான். விவரம் தெரிந்த நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இனி சேரப் போகும் பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்பிடெல். 2014 முதல் சான்றிதழ்ப் பாடங்களையும் நடத்துகிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. என்பிடெல் பாடங்கள் இப்போது அதன் வழியாகவே நடக்கின்றன. ஸ்வயம் என்றால் பொறியியல் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வரலாறு, வணிகவியல் படிப்பவர்களுக்கும் பாடங்கள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு பருவம்: ஜனவரி, ஜூலை.

இனி, என்பிடெல் பாடத்தில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகப் பதிந்து, பாடத்துக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டும். பாடம் தொடங்கிய சில வாரங்களிலேயே பதிவு முடிந்துவிடும். சேர்ந்த அன்றே அந்தக் கடைசித் தேதியை நோட்டில் எழுதி வையுங்கள்.

2. வீடியோவுக்கு மதிப்பெண் கிடையாது. வாரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே பங்குனியில் நம்ம மாரியம்மன் திருவிழா வாரம் ஒன்று விட்டுப்போனாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதல் நான்கு வாரமும் விட்டுவிட்டால் அப்புறம் ஒன்றைக்கூட விட முடியாது.

3. தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதல்ல. நேரில் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். பதியும்போதே பக்கத்து நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

4. கல்லூரியில் முதலில் கேளுங்கள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதி சொல்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் கல்லூரிதான் முடிவு செய்யும். சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரைக் கேட்டுவிட்டால், பிறகு "இந்தப் பாடம் செல்லாது" என்ற பேச்சு வராது.

5. ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். பாட உரையை எழுத்து வடிவில் இறக்கிக்கொள்ளலாம். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. எங்கள் தெருவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். புதுக்கோட்டையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் பேருந்திலும் படிக்கலாம்.

இத்தகைய இலவசப் பாடங்களில் சேர்பவர்களில் மிகச் சிலரே முடிக்கிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். வகுப்பில் ஆசிரியர் "நாளைக்குக் கடைசி நாள்" என்று நேரில் சொல்வார். இணையத்தில் ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். கல்லூரியில் சேர்வதற்காகவே மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிய பிள்ளை அதைத் தினமும் திறந்து பார்ப்பாளா? எனவே ஆறாவதாக ஒன்று: வாரம் இரண்டு முறையாவது மின்னஞ்சலைப் பாருங்கள்.

அண்ணன் மகள் ஜூலையில் மறுபடி சேர்ந்தாள். இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "பணம் கட்டிட்டேன் சித்தப்பா. மூணு வாரப் பயிற்சியும் அனுப்பியாச்சு."

உங்கள் வீட்டிலும் முதலாண்டு சேர்ந்த பிள்ளை இருந்தால் இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள்: பரீட்சைக்குப் பதிந்தாயா?