பச்சைத் திருநாள், நீல மாதம்

மார்ச் 17ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை காலையில் சிகாகோ ஆற்றில் ஒரு விசைப்படகு மெதுவாகக் கிளம்பும். அதில் இருப்பவர்கள் பிளம்பர் சங்கத்துக்காரர்கள். ஆரஞ்சு நிறப் பொடி ஒன்றைத் தண்ணீரில் தூவிக்கொண்டே போவார்கள். பின்னாலேயே இன்னொரு படகு வந்து அதைக் கலக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் ஆறு பளீரென்று பச்சையாகிவிடும். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளை அந்த நகரம் 1962 முதல் இப்படித்தான் கொண்டாடுகிறது.

ஆற்றுக்குச் சாயம் பூச எதற்குப் பிளம்பர்கள்? அந்தச் சாயமே அவர்கள் தொழிலிலிருந்து வந்ததுதான். ஆற்றங்கரைக் கட்டடங்களில் எது கழிவுநீரை ஆற்றில் விடுகிறது என்று கண்டுபிடிக்க, கழிவுக் குழாய்களில் அதை ஊற்றிப் பார்ப்பார்கள். குழாயில் ஊற்றிய நிறம் ஆற்றில் எட்டிப் பார்த்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு பிளம்பரின் வேலை உடுப்பில் பச்சைக் கறை படிந்திருந்ததைப் பார்த்த சங்கப் பொறுப்பாளர் ஸ்டீபன் பெய்லிக்கு, ஆற்றையே பச்சையாக்கலாமே என்று தோன்றியது. முதல் ஆண்டு 100 பவுண்டு கொட்டினார்கள். ஒரு வாரம் ஆகியும் நிறம் போகவில்லை. இப்போது அளவைக் குறைத்து, தாவரச் சாயத்துக்கு மாறிவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுக்கும் இதே வேலையைத்தான் பெருங்குடல் புற்றுநோய்க்கான எளிய மலப் பரிசோதனையும் செய்கிறது. மலத்தோடு கலந்து வரும், கண்ணால் பார்க்க முடியாத துளி ரத்தத்தை அது பிடித்துவிடும். அந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச இந்தத் திருநாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை. அமெரிக்காவில் மார்ச் மாதம் பெருங்குடல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். 2000ஆம் ஆண்டில் அதிபர் கிளின்டன் அப்படி அறிவித்தார். அதன் அடையாள நிறம் நீலம். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இதே விழிப்புணர்வு ஏப்ரலில் நடக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பேட்ரிக்குக்கு உரிய பழைய நிறமும் நீலம்தான். 1783இல் அவர் பெயரில் ஏற்படுத்தப்பட்ட வீரர் விருது நீல நிறத்தையே ஏற்றது. அயர்லாந்து அதிபரின் கொடி இன்றும் நீலம். விடுதலைப் போராட்டத்தோடு சேர்ந்துதான் பச்சை மேலோங்கியது. ஆகவே பச்சைச் சட்டையில் நீல ரிப்பனைக் குத்திக்கொள்வது திருநாளுக்கு அந்நியமான செயல் ஆகாது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஐரிஷ் குடும்பங்களில் கார்ன்ட் பீஃப் எனப்படும் உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அயர்லாந்தில் அந்த இடத்தில் பன்றி இறைச்சி இருக்கும். நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ் ஏழைகள் யூதக் கசாப்புக் கடைகளில் கிடைத்த மாட்டிறைச்சிக்கு மாறினார்கள் என்று சொல்வார்கள். கூடவே கோப்பை கோப்பையாக பீர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டுவந்தால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. 100 பேருக்கு நோய் வரக்கூடிய இடத்தில் 118 பேருக்கு வரும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மதுவை அந்த முகமை 1988லேயே இதே உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மதுவால் வரும் புற்றுநோய்களில் பெருங்குடலும் ஒன்று. ஆண்டுக்கு ஒருநாள் விருந்தால் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. அன்றாடப் பழக்கம்தான் கணக்கில் வரும். அந்தத் தட்டிலுள்ள முட்டைக்கோஸை இன்னொரு கரண்டி கூட்டி, இறைச்சித் துண்டை ஒன்று குறைத்துக்கொள்வது மற்ற நாள்களுக்கும் தொடர்ந்தால் நல்லது.

மது பாட்டிலில் புற்றுநோய் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு அயர்லாந்து. 2018இல் பொதுச் சுகாதார மதுச் சட்டம் வந்தது. 2023 மே மாதம் எச்சரிக்கை வாசகங்களுக்கான விதிகள் கையெழுத்தாயின. மதுவுக்கும் உயிர்க்கொல்லிப் புற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு என்ற வாசகம் 2026 மே முதல் கட்டாயமாக வேண்டியது. 2025இல் அரசு அதை 2028க்குத் தள்ளிப்போட்டுவிட்டது. இது வருத்தமான முடிவு. தான் வாங்கும் பொருள் தன் உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமைக்கு இரண்டு ஆண்டு தவணை சொல்லியிருக்கக் கூடாது.

திருநாளுக்கு மறுநாள் கழிவறையில் சிலர் பயந்துபோவது உண்டு. பச்சைச் சாயம் கலந்த பீர், பச்சை கிரீம் பூசிய கேக் எல்லாம் சாப்பிட்டால் மலமும் பச்சையாகப் போகும். அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. கவலைப்பட வேண்டிய நிறங்கள் சிவப்பும் தார் போன்ற கறுப்பும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும். இரும்புச் சத்து மாத்திரை போட்டால் கறுக்கும். அப்படி ஒரு காரணமும் இல்லாமல் அந்த நிறம் தெரிந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மலம் கழிக்கும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே நீடிப்பது, காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவது, விடாத வயிற்றுவலி இவையும் அப்படித்தான். 'மூலமாக இருக்கும்' என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு களிம்பு தடவியபடி மாதங்களைக் கடத்துவது எல்லா நாட்டிலும் நடக்கிற தவறு. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இந்த நோயின் இயல்பு நமக்குச் சாதகமானது. அதனால்தான் இதில் இறப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகின்றன. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் பார்த்து வெட்டி எடுத்துவிட்டால் நோயே வராது. குடலோடு நிற்கும் நிலையில் கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 100 பேரில் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது சுமார் 15 பேராகச் சுருங்கிவிடுகிறது.

இது முதியவர் நோய் என்ற எண்ணமும் இனிச் செல்லாது. நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் இந்த நோயால் இறந்தபோது வயது 43. தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998இல் இறந்தபோது 42. இரண்டு ஆண்டு கழித்து கூரிக், கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தனக்குச் செய்யப்படுவதைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கக் காட்டினார். அதன் பிறகு அந்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒருவர் வெட்கத்தை விட்டுப் பேசியதற்குக் கிடைத்த பலன் அது. இப்போது அமெரிக்காவில் 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் முதலிடம் பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான். இளம் வயதில் நோய் கூடிவருவதால்தான் 2021இல் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள்.

அயர்லாந்தில் 2012 முதல் பவல்ஸ்கிரீன் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 60 முதல் 69 வயதுவரை என்று தொடங்கி, 2023இல் 59க்கு இறங்கி, படிப்படியாக விரிகிறது; 55 முதல் 74 வரை எல்லோரையும் சேர்ப்பதே இலக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வரும். சம்மதம் சொன்னால் தபாலில் ஒரு பெட்டி வரும். அதில் விரல் நீளத்தில் ஒரு குப்பி. மூடியைக் கழற்றினால் அதோடு ஒரு குச்சி ஒட்டியிருக்கும். மலம் கழிவறைத் தண்ணீரைத் தொடும் முன் ஒரு பாத்திரத்திலோ காகிதத்திலோ ஏந்தி, குச்சியின் நுனியால் மேலே கொஞ்சம் சுரண்டி, குப்பிக்குள் விட்டு, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை மூட வேண்டும். தேதியை எழுதி, கூடவே வந்த உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தால் வேலை முடிந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, மயக்க மருந்து இல்லை, பைசா செலவும் இல்லை. ரத்தம் தென்பட்டால் கொலனோஸ்கோப்பிக்கு அழைப்பார்கள். அதுவும் இலவசம். உரிய வயதாகியும் கடிதம் வரவில்லை என்றால் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அறிகுறி இருப்பவர்கள் இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கவே கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். 'ரத்தம் இல்லை' என்ற முடிவு வந்த பிறகு அறிகுறி தோன்றினாலும் அப்படியே.

கொலனோஸ்கோப்பி என்றதும் வரும் பயத்தில் பாதி, முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்தைப் பற்றியது. அது உண்மையிலேயே சிரமம்தான். இப்போது பாதியை மாலையிலும் மீதியை மறுநாள் காலையிலும் குடிக்கச் சொல்கிறார்கள். குடலும் நன்றாகச் சுத்தமாகிறது. தெளிந்த திரவம் மட்டும் குடிக்கும் அந்த நாளில் சிவப்பு, ஊதா நிறப் பானங்களும் ஜெல்லியும் கூடாது, குடலுக்குள் ரத்தம் போலத் தெரியும் என்பதால். எலுமிச்சைப் பச்சை ஜெல்லியைப் பல மருத்துவமனைகள் அனுமதிக்கின்றன. மயக்க மருந்து கொடுத்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. கூட்டிப்போக ஒருவர் வேண்டும். குடலில் ஓட்டை விழும் ஆபத்து பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கு உண்டு. இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், நீங்களும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது: பில். 2010இல் வந்த சுகாதாரச் சட்டப்படி, சில பழைய திட்டங்கள் தவிர, தனியார் இன்சூரன்ஸ்கள் 45 முதல் 75 வயது வரையிலான பரிசோதனைக்கு நோயாளியிடம் பங்குத் தொகை வாங்கக் கூடாது. கொலனோஸ்கோப்பியின்போது பாலிப்பை எடுத்தாலும் அதே விதிதான். மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்து அடுத்துச் செய்யும் கொலனோஸ்கோப்பிக்கு முன்பு பணம் கேட்டார்கள். 2022 மே 31 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய திட்ட ஆண்டுகளிலிருந்து அதுவும் கூடாது. இருந்தும் பில் வருகிறது. தடுப்புப் பரிசோதனை என்று பதிய வேண்டியதை நோயறியும் பரிசோதனை என்று தவறாகப் பதிவதே பெரும்பாலும் காரணம். உடனே பணம் கட்டிவிட வேண்டாம். மருத்துவமனையின் பில் பிரிவை அழைத்து, குறியீட்டைச் சரிசெய்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் மறுத்தால் 180 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளியாரின் மறு ஆய்வைக் கோரலாம். அறிகுறியோடு போகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. இன்சூரன்ஸே இல்லாதவர்களுக்கு, அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம்.

குடும்பம் கூடும் நாள் என்பதால்தான் இந்தத் திருநாளைப் பிடித்துக்கொண்டேன். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போதே பரிசோதனை தொடங்க வேண்டும். லிஞ்ச் எனப்படும் பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் இன்னும் முன்னதாக. 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அப்படிச் சிதறிய குடும்பங்களில் தாத்தா எதனால் இறந்தார் என்பது பல நேரம் 'வயிற்று நோய்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். அணிவகுப்பு முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காரும்போது பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அந்த நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கும் இதே விதிகள், இதே உரிமைகள்தான். பிள்ளைகளைப் பார்க்கப் பயணிகள் இன்சூரன்ஸோடு போகும் அப்பா அம்மாவுக்கு அதில் பெரும்பாலும் தடுப்புப் பரிசோதனை அடங்காது. அவர்கள் ஊரிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இந்தியாவின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு. பெருங்குடலுக்கு நாமே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

வயது 45 ஆகிவிட்டதா? வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா? மலத்தில் ரத்தம் பார்த்தீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால், மார்ச் முடிவதற்குள் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.