பதினேழு வயதில் மேலாண்மை

ப்ளஸ் டூ முடிவு வந்ததும் காமர்ஸ் குரூப் படித்த பிள்ளைகளின் வீடுகளில் பி.காம்.மா, பிபிஏவா என்ற பேச்சு எழும். பிபிஏ மீது பெரியவர்கள் வைக்கும் குறை நியாயமானதுதான்: ஒரு பெட்டிக்கடையைக்கூட நடத்திப் பார்க்காத பிள்ளைக்கு நிர்வாகத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்? முடியாது என்பதே என் பதிலும். ஆட்களை வேலை வாங்குவதும், நெருக்கடியில் துணிந்து முடிவெடுப்பதும் வேலையில் அடிபட்டுத்தான் வரும். ஆனால் ஒரு தொழிலை உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு. அதில் பணம் எந்த வழியாக வந்து எங்கே முடங்குகிறது, வேலை எந்த இடத்தில் தேங்குகிறது, விலை எதை வைத்து நிற்கிறது என்று கணக்கோடு பார்க்கப் பழகுவதற்குப் பதினேழு வயது தாராளமாகப் போதும். இளங்கலை மேலாண்மை இதைக் கற்றுத்தந்தால் மூன்று ஆண்டும் பயன்படும். நாளைய மேலாளரை இன்றே உருவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, மேலாண்மைச் சிந்தனையாளர் ஃபேயோலின் பதினான்கு கோட்பாடுகளை வரிசை தவறாமல் எழுதவைப்பதோடு நின்றால் அந்த ஆண்டுகள் வீண்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததல்ல. பல்கலைக்கழகத்துக்குள் வணிகக் கல்வி நுழைந்ததே இளங்கலையாகத்தான். தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் கொடுத்த ஒரு லட்சம் டாலரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1881இல் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கியது. எம்பிஏ என்ற பட்டம் 1908இல் ஹார்வர்டில்தான் பிறந்தது. பிறகு அமெரிக்கா முழுக்க இளங்கலை வணிகப் படிப்புகள் பெருகின. தரம் கூடவே வளரவில்லை. ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி அறக்கட்டளையும் தனித்தனியே ஆய்வு நடத்தின. 1959இல் வெளிவந்த இரு அறிக்கைகளும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தன: பாடம் குறுகிக் கிடக்கிறது, தரம் தாழ்ந்திருக்கிறது, கணிதமும் பொருளியலும் மனித நடத்தை பற்றிய அறிவியலும் கலைப் பாடங்களும் கூட வேண்டும். நம் நாட்டில் இந்தூர் ஐஐஎம் 2011இல் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கென ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கியபோது, ஆரம்ப ஆண்டுகளைக் கணிதம், புள்ளியியல், பொருளியல், சமூகவியல், இலக்கியம் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் ஒதுக்கியது. மேலாண்மைக்கென்றே எழுந்த நிறுவனம்கூட, சிறு வயது மாணவரைச் சேர்த்ததும் அடித்தளத்திலிருந்துதான் தொடங்கியது.

அடித்தளம் என்றால் என்ன என்பதைத் திருப்பூரை வைத்துச் சொல்லலாம். ஒரு பனியன் கம்பெனிக்குப் பத்து லட்ச ரூபாய் ஆர்டர் வருகிறது. செலவு ஒன்பது லட்சம், லாபம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் சீக்கிரம் பணம் கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போட வேண்டும். வெளிநாட்டு பையரின் பணமோ சரக்கு கப்பல் ஏறித் தொண்ணூறு நாள் கழித்து வருகிறது. இதற்கிடையே இன்னொரு ஆர்டர் எடுத்தால் இன்னும் ஒன்பது லட்சம் வேண்டும். ஆர்டர் கூடக் கூடக் கையில் காசு வற்றுகிறது. லாபக் கணக்கு காட்டிக்கொண்டே ஒரு கம்பெனி சம்பளம் போட முடியாமல் மூடிவிட முடியும். டாலர் மதிப்பு இறங்கினால் அந்த ஒரு லட்ச லாபமும் கரையும். நடைமுறை மூலதனம் என்பதற்கு இரண்டு வரி இலக்கணம் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிய மாணவருக்கும், இந்தக் கணக்கை வாரம் வாரமாகப் போட்டுப் பார்த்தவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அதைக் கடக்க வேலை அனுபவம் தேவையில்லை. ஒரு நோட்டும், உண்மையான எண்களும், பொறுமையான ஆசிரியரும் போதும்.

எண்களுக்கு அப்பாலும் கற்க நிறைய இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் ஒரு கேஸ் ஸ்டடி வெளியிட்டது. அங்கே மிக அரிதான பொருள் அறுவை மருத்துவரின் நேரம். அதனால் ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகளை, கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். பணம் கட்டுபவர்களின் வருமானம் இலவச சிகிச்சையையும் தாங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் இறக்குமதி விலை கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதையும் தாங்களே செய்தார்கள். செயல்முறை, ஆள் பயிற்சி, விலை நிர்ணயம், சொந்த உற்பத்தி என்று நான்கு தாள்களில் பிரித்துப் படிப்பது அங்கே ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கோ இருக்கும் பன்னாட்டு நிறுவனத்தின் பெயரை உதாரணமாக எழுதவைப்பதைவிட, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் அமைப்பை ஒரு பருவம் முழுக்க ஆராயவைப்பது மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

எப்படியும் எம்பிஏ படிக்கத்தானே போகிறான், அதற்கு ஏன் இது என்றும் கேட்கிறார்கள். கேள்வி சரியானது. கேட் தேர்வுக்கோ டான்செட்டுக்கோ பிபிஏ கட்டாயமில்லை. தேவையான மதிப்பெண் இருந்தால் எந்தப் பாடத்துப் பட்டதாரியும் எழுதலாம். எம்பிஏ முதலாண்டுப் பாடங்களில் பல பிபிஏவில் படித்தவையாகவே இருக்கும். மேற்படிப்பு உறுதி என்று தெரிந்த பிள்ளை புள்ளியியலோ பொருளியலோ எடுத்தால் பின்னால் கூடுதல் பலம். ஆடிட்டராக விரும்புபவருக்குப் பி.காம் பொருத்தம். பிபிஏ யாருக்கு மிகவும் உதவும் என்றால், பட்டத்தோடு வேலைக்குப் போக வேண்டியவருக்கும், அப்பாவின் கடையையோ பட்டறையையோ ஏற்று நடத்தப்போகிறவருக்கும்தான். மேற்கொண்டு வகுப்பறை வாய்க்காத அவர்களுக்கு அந்த மூன்று ஆண்டு மெலிந்து போகலாகாது. 2024-25 முதல் பிபிஏ படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியின் கீழ் வந்திருக்கின்றன. மாதிரிப் பாடத்திட்டமும் வந்திருக்கிறது. அனுமதிக் கடிதம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடாது. ஆகவே சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கட்டணத்தோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும்: புள்ளியியலும் செலவுக் கணக்கியலும் எத்தனை பருவங்களில் உண்டு? மாணவர் எந்தத் தொழிற்கூடத்தில், எத்தனை வாரம் இருந்து ப்ராஜெக்ட் செய்கிறார்? சென்ற ஆண்டு மாணவர் எழுதிய ப்ராஜெக்ட் ஒன்றைப் புரட்டிப் பார்க்கத் தருவார்களா?