கட்டியக்காரனின் சொந்தச் சரக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து. ராஜா வேடத்துக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாட்டும் விருத்தமும் உண்டு. கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கோ பெரும்பகுதி அந்த நேரத்தில் நாக்கில் வருவதுதான். துரியோதனன் சபைக்குள்ளேயே ஊர் ரோட்டுப் பள்ளத்தையும் ஓசூர் சிப்காட் நைட் ஷிப்டையும் இழுத்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை என்பதால் கேலிக்குத் தீனி அதிகம்.

கொடுத்த பொருளில் அக்கணமே பாடுகிறவரை ஆசுகவி என்பார்கள். நால்வகைக் கவிகளில் ஒருவர். காளமேகப் புலவர் அதில் பேர்போனவர். கட்டியக்காரனை அந்த வரிசையில் யாரும் வைப்பதில்லை. வைக்கலாம். உள்ளே அடுத்த வேடத்துக்குக் கிரீடம் கட்டி முடியும்வரை, கூட்டம் கலையாமல் பேசியே பிடித்து வைப்பவரும் அவர்தானே!