சர்ப்பகந்தி புகட்டும் பாடம்

மூலிகையால் தீங்கில்லை என்பார் சிலர். அதில் மருந்தே இல்லை என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் பொருந்தா என்பதற்குச் சர்ப்பகந்தி தக்க சான்றாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இச்சிறு செடியின் வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் நம் வைத்தியர்கள் நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1931ஆம் ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, உடனாய்வாளர் ஒருவருடன் கூடி, அவ்வேரிலுள்ள அல்கலோயிட்டு எனும் இரசாயனப் பொருள்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல், மிகை இரத்த அழுத்தமுடைய நோயாளர் 50 பேரிடம் அதன் பயனை ஆராய்ந்து, ஆங்கில மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். மேனாட்டார் கவனம் அதன்பின்னரே இவ்வேரின்பால் பெரிதும் திரும்பிற்று. 1952இல் சுவிற்சலாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் றெசேர்ப்பீன் என்னும் தூய பொருளைக் கண்டனர்.

தூய பொருள் கிடைத்தமையால் மருந்தை அளவறிந்து வழங்குதல் கைகூடிற்று. பலரும் உண்ணத் தொடங்கவே, நன்மையோடு தீங்கும் புலப்பட்டது. சிலருக்குக் கடும் மனச்சோர்வு உண்டானதாக வைத்தியர்கள் அறிவித்தனர். காலப்போக்கில் வேறு மருந்துகள் அதனிடத்தைப் பெற்றன.

வாணிகம் மற்றொரு கேட்டை விளைத்தது. வேரே மருந்தாதலின் செடியைப் பிடுங்க நேர்ந்தது. காடுகளில் அஃது அருகிற்று. 1990 முதல் அதன் சர்வதேச வாணிகம் உடன்படிக்கை ஒன்றின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது.

முன்னோர் கண்டதை மதிப்பதென்பது, அதனைச் சோதித்து, அளவறிந்து, செடியையும் நட்டுக் காப்பதேயாம்.