வளர்ந்த நாயை வளர்த்தல்

விலங்குகளின் இளமைப் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் வகுத்தோதும் தொல்காப்பிய மரபியல், நாயின் குட்டியைக் குருளை என்றும், பெண் நாயைப் பிணவு என்றும் வழங்குகிறது. ஞமலி, ஞாளி என்பனவும் நாயையே குறிக்கும் பழஞ்சொற்கள். நாலடியாரோ யானையின் நட்பினும் நாயின் நட்பையே உயர்த்திப் பேசுகிறது. இத்துணைச் சிறப்பிருந்தும், ஒருவரை இகழ வேண்டின் நம்மவர் நாவில் முதலில் எழுவதும் நாய் என்னும் சொல்லே!

1960-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை இராச்சியத்தோடு இணைந்த திருத்தணியில், மலையடிவார நாய்கள் இருமொழியும் அறிந்தவை. தமிழில் அழைத்தால் வாராத நாய், 'ரா' என்று தெலுங்கில் அழைத்தால் வாலாட்டி வருதலும் உண்டு. இவற்றுட் சில உடல் பெருத்தவை. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய இனங்களின் குருதியோ, யாரோ வாங்கிப் பின் கைவிட்ட அயல்நாட்டு இனத்தின் குருதியோ கலந்தவை எனத் தோற்றமே கூறும். காப்பகங்களில் கொள்வாரின்றி நெடுநாள் கிடப்பனவும் இத்தகையனவே. இல்லறத்தார் குருளையை விரும்புவர். அன்றேல் சாதி நாயைத் தேடுவர். வளர்ந்த கலப்பினப் பெருநாயைக் கண்டாலோ அச்சம் ஒருபுறம், உணவுச் செலவு ஒருபுறம்.

கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959-இல் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கம், தெருநாய்களைக் கொல்லுதல் பயனற்றது என்றும், கருத்தடையும் தடுப்பூசியுமே தக்க வழி என்றும் 1964 முதல் வலியுறுத்தி வந்தது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினும் அங்குள்ள எச்சிற்குவியல் அகலாதாயின், அடுத்த தெருவின் நாய்கள் அவ்விடத்தை நிரப்பும் அன்றோ? சென்னை மாநகராட்சி 1996-இல் இம்முறையை மேற்கொண்டது. 2001-இலும் 2023-இலும் மத்திய அரசு இதற்கென விதிகள் வகுத்தது. காதின் நுனியில் சிறு வெட்டு உள்ள நாய் கருத்தடை செய்யப்பெற்றது என்று அறிக. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், கல்வி நிலையம், மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகியவற்றினின்று நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்குமாறு ஆணையிட்டது. கல்லூரி வளாகத்து நாய்களும் இதில் அடங்கும். காப்பகங்கள் நிறைந்துவிடின் அடுத்து வரும் நாய்க்கு இடம் ஏது? அவற்றை இல்லத்திற்கு ஏற்பார் வேண்டப்படுவது இதனாலேயே. ஏற்றவர் மீண்டும் தெருவில் விடலாகாது என்பதையும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்து ஆணை தெளிவாக்கியது.

முதன்முறை நாய் வளர்ப்பார்க்குக் குருளையினும் வளர்ந்த நாயே ஏற்றது என்பது எம் கருத்து. குருளை எவ்வளவு பெருக்கும், எக்குணம் கொள்ளும் என்பதை எவரும் முன்னறியார். வளர்ந்ததன் உருவமும் இயல்பும் கண்முன் உள்ளன. ஒருமுறை கண்டு முடிவு செய்யாது, இரண்டு மூன்று முறை சென்று, உண்ணும்போதும், சிறுவர் அருகில் வரும்போதும், பிற நாயைக் காணும்போதும் அஃது எவ்வாறு நடக்கிறது என்று நோக்க வேண்டும். மூலையில் ஒடுங்கியிருப்பதெல்லாம் கொடிய நாயன்று. காப்பகத்தின் ஓயாத குரைப்பொலியே பல நாய்களை அவ்வாறு ஆக்கிவிடும்.

வீட்டிற்கு வந்த முதல் சில நாட்கள் அஃது உண்ணாமலும் கட்டிலின் அடியினின்று வெளிவாராமலும் இருக்கக்கூடும். அப்போது சுற்றத்தாரையெல்லாம் அழைத்துக் காட்டுதல் தகாது. மார்பு ஆழ்ந்த பெருநாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வருவதுண்டு. சில மணி நேரத்தில் உயிரையே கொள்ளும். ஆதலின் ஒரே வேளையில் நிரம்ப இடாது இருவேளையாகப் பகுத்தளித்து, உண்டவுடன் ஓடவிடாதிருத்தல் நலம். வெங்காயமும் வெந்த எலும்பும் ஆகா. நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நா நீட்டி இளைத்தே வெப்பம் தணிக்கும். வைகாசி வெயிலில் எம்மூர்த் தார்ச்சாலையில் நண்பகல் நடத்திச் செல்லுதல் கொடுமை. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் இடுவித்தல் வேண்டும்.

விடுதியில் வாழும் நம்மனோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். நம் கல்வி மூன்றாண்டில் முடியும். பெருநாயின் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டு. பெற்றோர் உடன்பட்டு, வீட்டில் இடமும் இருப்பின் இப்போதே ஏற்கலாம். இன்றேல், விடுமுறை நாட்களில் காப்பகம் சென்று நாய்களை உலாவச் செய்தலும், குளிப்பாட்டுதலும் இயலும். கையால் பழக்கப்பட்ட நாயையே வருவோர் விரும்பி அழைத்துச் செல்வர்.