உரக்கடைப் பணியாளர் பயிற்சி பயன் தருவதற்கு

பயிரில் கோளாறு கண்டதும் உழவர் பலர் முதலில் செல்வது உரக்கடைக்குத்தான். அங்கு நிற்பவர் சொல்லும் ஒரு சொல்லால் அந்தப் போகத்தின் விளைச்சல் கூடவும் குறையவும் கூடும். இதனைக் கருதியே ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், இடுபொருள் விற்பனையாளர்களுக்கென 2003ஆம் ஆண்டில் ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. காலம் 48 வாரங்கள். வாரம் ஒரு நாளாக 40 வகுப்புகளும் 8 வயல் பார்வைகளும் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால் படிப்பவர் கடை உரிமையாளராகவும், மருந்தை எடுத்துக் கொடுப்பவர் பணியாளராகவும் இருந்தால் படிப்பு உழவரைச் சென்றடையாது. பணியாளருக்கும் பயிற்சி தேவை.

அப்பயிற்சியில் மருந்துகளின் பெயர்ப் பட்டியலை ஒப்புவிக்கச் செய்வதால் பயனில்லை. நோயுற்ற பயிரையே வேரோடு கொண்டுவந்து மேசைமீது வைத்தல் வேண்டும். "நெல்லு மஞ்சளாயிருக்கு, ஏதாச்சும் மருந்து குடுங்க" என்றுதான் உழவர் கேட்பார். முதிர்ந்த இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை; நட்ட 2 முதல் 4 வாரங்களில் கீழ் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகக் குறை; குருத்திலைகளில் நரம்புகளுக்கிடையே வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை; பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளானால், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாக இருக்கலாம். நான்குக்கும் ஒரே மருந்தா?

பயிற்சியாளர்களில் ஒருவர் உழவராகவும் மற்றொருவர் கடைக்காரராகவும் பேசிப் பழகலாம். உழவராக இருப்பவர் தாமாக எதையும் விளக்கக் கூடாது. நட்டு எத்தனை நாள், வயல் முழுதுமா, திட்டுத்திட்டாகவா என்று கேட்டு வாங்குவது கடைக்காரர் பொறுப்பு.

அடுத்து, கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் 400 மில்லி மருந்து என்றால், 10 லிட்டர் தெளிப்பானுக்கு 20 மில்லி; 16 லிட்டர் தெளிப்பானுக்கு 32 மில்லி. உழவர் 10 லிட்டர் தெளிப்பானால் ஏக்கருக்குப் பத்து டேங்க் மட்டும் அடித்தால் பாதி மருந்தே பயிருக்குச் சேரும். எனவே "டேங்குக்கு 20 மில்லி" என்று மட்டும் சொல்லி அனுப்பலாகாது. எத்தனை டேங்க் என்பதையும் ரசீதின் பின்புறம் எழுதித் தரலாம். புட்டியிலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நச்சுத்தன்மை குறைந்துவரும் வரிசையைக் குறிப்பதையும் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது விற்காமல் அனுப்பப் பழகுவது. குருத்துப்பூச்சியால் வெண்கதிர் வந்த தூரை எந்த மருந்தும் மீட்காது. "இனி அடித்தால் செலவுதான் மிச்சம்" என்று சொல்லும் பணியாளரை உரிமையாளர் கடிந்துகொண்டால், கற்றது அன்றோடு மறைந்துவிடும். கூடுதல் விற்பனைக்கு ஊக்கத்தொகை பேசும் கடைகளில் இது எளிதன்று. ஆகவே வகுப்பின் ஒரு நாளிலேனும் உரிமையாளரும் உடன் அமர வேண்டும்.

தேர்வுத்தாளைக் காட்டிலும் நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, பயிற்சி தந்தவர் கடையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, மருந்து தருமுன் எத்தனை கேள்விகள் கேட்கப்படுகின்றன என்று கவனிக்கலாம். சம்பாப் பகுதிகளில் இப்பயிற்சியை நடவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது; பருவம் தொடங்கிவிட்டால் பணியாளரைக் கடையிலிருந்து அனுப்பமாட்டார்கள்.