பரிசு மேடையிலிருந்து பயனாளியின் கைக்கு: மாணவர் வடிவமைப்புகள் கடக்க வேண்டிய தூரம்

புது தில்லி: மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதி குறைந்தோருக்கும் உதவும் கருவிகளை உருவாக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுதோறும் உலகின் பல மேடைகளில் கௌரவிக்கப்படுகின்றனர். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் தொடங்கி, கல்லூரி அளவிலான கண்காட்சிகள் வரை, இத்தகைய படைப்புகளுக்குத் தனி இடம் கிடைத்து வருகிறது.

பரிசுச் செய்தி ஒரே நாளில் பழையதாகிவிடுகிறது. கருவி யாருக்காக உருவாக்கப்பட்டதோ, அவர் அதைக் கையில் வாங்கினாரா, வாங்கிய பின் தொடர்ந்து பயன்படுத்தினாரா என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். மாணவர்களின் கைகளில் பிறந்த மூன்று படைப்புகளின் வரலாறு, இந்த இடைவெளியில் என்ன நிகழ்கிறது என்பதை விளக்குகிறது.

மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்றால் என்ன?

ஒரு கருவியையோ கட்டடத்தையோ சேவையையோ உருவாக்குவோர், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் அன்றாட வாழ்க்கையை நேரில் அறிய வேண்டும். மாதிரியை அவரிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டும். அவர் சுட்டிக்காட்டும் குறைகளைத் திருத்தி, மீண்டும் அவரிடமே கொண்டுசெல்ல வேண்டும். இதுவே மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு எனப்படுகிறது. கணினி சார்ந்த அமைப்புகளுக்கென சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2010-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய ஐஎஸ்ஓ 9241-210 என்ற தரநிலை, தொடக்கம் முதல் இறுதி வரை பயனாளிகள் பங்கேற்க வேண்டும் என்பதை அடிப்படை விதியாக வைத்துள்ளது.

இதனுடன் நெருங்கிய உறவுடையது ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்ற கருத்து. சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் இதற்குப் பெயர் சூட்டினார். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இக்கருத்துக்குச் சட்டபூர்வமான வரையறை அளித்தது.

பெயர் புதிது என்றாலும் பொருள் பழையது. இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், 1958-இல் அளித்த அறிக்கையில் தாங்கள் இங்கு கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று பாராட்டியது, வட இந்திய வீடுகளில் தண்ணீர் மொள்ளப் பயன்படும் லோட்டா என்ற செம்பைத்தான். தனி ஒருவர் உருவாக்காமல், பல தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்து உருவம் பெற்ற பாத்திரம் அது. அந்த அறிக்கையின் அடிப்படையில்தான் 1961-இல் ஆமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கேள்வியையே மாற்றிய பயணம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2007-ஆம் ஆண்டு, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த நான்கு மாணவர்களுக்கு ஒரு வகுப்புப் பணி அளிக்கப்பட்டது. குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டர் கருவியின் விலை அப்போது 20,000 டாலர் வரை இருந்தது. அதில் நூறில் ஒரு பங்கு செலவில் ஒரு கருவியை வடிவமைக்க வேண்டும் என்பதே பணி.

பாகங்களை மலிவாக்குவதே வழி என்று மாணவர்கள் முதலில் எண்ணினர். குழுவினர் நேபாளம் சென்று பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. நகர மருத்துவமனைகளில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகளோ, மின்சாரம் இல்லாத கிராமங்களில் பிறந்து, மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே உடல் குளிர்ந்து இறந்துகொண்டிருந்தன. மலிவான இன்குபேட்டரால் அந்தக் குழந்தைகளுக்குப் பயன் ஏதுமில்லை. கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் மருத்துவர் என்ற எண்ணம் மாறி, அந்த இடத்துக்குத் தாய் வந்தார்.

இவ்வாறு உருவானதே ‘எம்ப்ரேஸ்’ என்ற சிறிய உறங்கு பை. இதில் வைக்கப்படும் மெழுகு போன்ற பொருள் அடங்கிய உறையைச் சூடேற்றினால், மின்சாரம் இன்றிச் சில மணி நேரம் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அது தக்கவைக்கும். கருவியை மேம்படுத்தும் பணிக்காகக் குழுவினர் பின்னர் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தனர்.

மகாராஷ்டிர கிராமங்களில் அவர்கள் அறிந்துகொண்ட ஒரு செய்தி, எந்த ஆய்வகத்திலும் கிடைத்திருக்காது. ஆங்கில மருந்து மிகவும் கடுமையானது என்று கருதிய தாய்மார்கள், மருத்துவர் ஒரு கரண்டி மருந்து தரச் சொன்னால் பாதியளவே குழந்தைக்குத் தந்தனர். பையை 37 டிகிரிக்குச் சூடாக்கச் சொன்னாலும், எதற்கும் இருக்கட்டும் என்று 30 டிகிரியோடு நிறுத்திவிடுவோம் என்றனர். எனவே வெப்ப அளவைக் காட்டும் எண்கள் நீக்கப்பட்டு, வெப்பம் சரியாக உள்ளதா, இல்லையா என்பதை மட்டும் காட்டும் குறியீடு வைக்கப்பட்டது. தாய்மார்களுக்கு அறியாமை என்று ஒதுக்கிவிடாமல், கருவியைத் திருத்திக்கொண்டதில்தான் இம்முறையின் சாரம் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த இண்டெக்ஸ் அமைப்பின் வடிவமைப்பு விருது 2011-இல் எம்ப்ரேஸுக்குக் கிடைத்தது.

வெண்கோலுக்கு மேலே இருக்கும் ஆபத்து

இந்திய மாணவர்களின் பணிகளுள் விரிவாக நோக்கத்தக்கது, ஐஐடி தில்லியில் உருவான ‘ஸ்மார்ட் கேன்’. 2005-ஆம் ஆண்டு இளநிலை மாணவர்கள் சிலர், கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணனின் பாடத்துக்கான செயல்திட்டம் தேடி, தில்லியில் உள்ள பார்வையற்றோர் சங்கத்துக்குச் சென்றனர். நடமாடுவதில் உள்ள சிரமங்களை அங்கிருந்தோரிடம் கேட்டறிந்தபோது, பார்வையுள்ளோருக்கு எளிதில் தோன்றாத ஒரு சிக்கல் வெளிப்பட்டது.

வெண்கோல் தரையைத் தடவி அறிகிறது. குழி, படி, கல் ஆகியவற்றை அது காட்டிக்கொடுக்கும். முழங்காலுக்கு மேலே இருப்பவை அதற்குத் தெரியாது. தாழ்ந்து தொங்கும் மரக்கிளை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டி, நிறுத்தப்பட்ட லாரியின் பின்பலகை, பாதையின் குறுக்கே போடப்பட்ட கம்பி ஆகியவற்றின் அடியில் கோல் தடையின்றி நுழைந்துவிடும். மோதுவது முகமும் மார்பும்தான். இந்திய நகரங்களின் நடைபாதைகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அன்றாடமான ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் வெண்கோலை ஒதுக்கிவிட்டுப் புதிய கருவி ஒன்றைத் திணிக்கவில்லை. அதன் பிடியில் பொருத்திக் கழற்றக்கூடிய ஒரு சிறு கருவியை உருவாக்கினர். அது மீயொலி அலைகளை அனுப்பி, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது; வௌவால் இருட்டில் வழி அறியும் அதே முறை. சுமார் 3 மீட்டர் தொலைவு வரை உள்ள தடைகளை இது உணரும். தடை நெருங்க நெருங்கப் பிடியில் அதிர்வு மாறும்.

ஒலியைத் தவிர்த்து அதிர்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பார்வையற்றோர் சாலையில் பெரிதும் நம்புவது செவியைத்தான். வாகனம் வரும் திசையையும், எதிரே வருவோரின் காலடியையும் செவியால் அறிபவரின் காதில் ஓயாமல் எச்சரிக்கை மணி ஒலித்தால், கருவியே ஆபத்தாகிவிடும். கோலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கின்றனர் என்பதும் சோதனைகளில் தெரியவர, எந்தப் பிடியிலும் அதிர்வு உணரப்படும் வகையில் கைப்பிடி மாற்றியமைக்கப்பட்டது.

தில்லியின் சக்ஷம் அறக்கட்டளை இப்பணியில் இணைந்தது. அதன் நிர்வாகிகளில் ஒருவரான தீபேந்திர மனோச்சா பார்வையற்றவர். அணுகல் தொழில்நுட்பத்தில் நாடறிந்த வல்லுநர். பயனாளிகள் சோதனைக்கு மட்டும் அழைக்கப்படாமல், முடிவெடுக்கும் இடத்திலும் இருந்தனர் என்பது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதியளித்தது. உற்பத்திப் பொறுப்பைச் சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் ஏற்றது.

2014-ஆம் ஆண்டு ஸ்மார்ட் கேன் சுமார் 3,000 ரூபாய் விலையில் அறிமுகமானது. வெளிநாடுகளில் கிடைத்த இத்தகைய கருவிகளின் விலை அப்போது பல பத்தாயிரம் ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும் இது பின்னர் இடம்பெற்றது.

வகுப்பறைப் பணி கடைக்கு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். ஆசிரியரும் ஆய்வகமும் தொண்டு நிறுவனமும் தொழிற்சாலையும் தொடர்ந்து நின்றிருக்காவிட்டால், மதிப்பெண் பெற்ற செயல்திட்ட அறிக்கையாகவே இது நூலகத்தில் தங்கியிருக்கும். பெரும்பாலான மாணவர் கண்டுபிடிப்புகளுக்கு நேர்வது அதுதான்.

பாராட்டும் எதிர்ப்பும் பெற்ற கையுறை

மூன்றாவது நிகழ்வு வேறு வகையானது. 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் ‘சைன்அலவுட்’ என்ற கையுறைகளை உருவாக்கி, 10,000 டாலர் மதிப்புள்ள லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசைப் பெற்றனர். உலக ஊடகங்கள் அச்செய்தியைக் கொண்டாடின.

காது கேளாதோர் சமூகத்திலிருந்து எழுந்த குரல் மாறாக இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியர்களும் மொழியியல் அறிஞரும் பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டனர். சைகை மொழி கைகளில் மட்டும் இல்லை; புருவம், கண், வாய், தலையசைவு, உடலின் சாய்வு ஆகிய அனைத்தும் அதன் இலக்கணத்தின் பகுதிகள். கையுறை கையை மட்டுமே காணும். மேலும், காது கேளாதவர் சொல்வதைக் கேட்கும் திறனுள்ளவருக்கு அது சொல்லும்; பதிலை அவருக்குத் திருப்பிச் சொல்லாது. கேட்பவரின் வசதிக்காகக் காது கேளாதவர் கையுறை அணிய வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது.

மாணவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். ஆயினும் பரிசுக்குத் தேர்வு செய்யும் முன் சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் நடுவர்கள் கேட்டிருந்தால், விவாதம் அப்போதே தொடங்கியிருக்கும்.

இந்திய மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சைகை மொழிக் கையுறை நம் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் அடிக்கடி காணப்படுவது. அமெரிக்க சைகை மொழியில் எழுத்துகள் ஒரு கையால் காட்டப்படுகின்றன; இந்திய சைகை மொழியிலோ பெரும்பாலும் இரு கைகளால் காட்டப்படுகின்றன. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு பயிற்சி அளிக்கப்பட்ட கருவி, தில்லியிலோ போபாலிலோ உள்ள ஒருவரின் மொழியை அறியாது. மத்திய அரசு 2015-இல் நிறுவிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதியைப் பின்னர் 10,000 சொற்களாக விரிவாக்கியுள்ளது. கையுறை செய்ய விரும்பும் மாணவர் முதலில் செல்ல வேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று.

சட்டம் சொல்வது

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி. இவர்களில் பார்வைக் குறைபாடு உடையோரும் செவித்திறன் குறைபாடு உடையோரும் தலா சுமார் 50 லட்சம் பேர். மொத்தத்தில் 69 சதவீதத்தினர் கிராமங்களில் வாழ்கின்றனர். பெருநகர ஆய்வகத்தில் உருவாகும் கருவி பழுதானால், இவர்கள் அதை எங்கே கொண்டு சென்று சரிசெய்வது என்பதும் வடிவமைப்பின் பகுதியே. பரிசுப் போட்டிகளில் இக்கேள்வி அரிதாகவே எழுகிறது.

அணுகல் வசதிகள் தொடர்பாக ராஜீவ் ரத்தூரி தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளில் அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரணானது எனக் கூறிய நீதிமன்றம், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரநிலைகளை மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருடன் கலந்தாலோசித்து வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் மற்றொரு தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. மாணவர்கள் இதுவரை இரக்கத்தின்பேரில் செய்து வந்த பணி, இவ்விரு தீர்ப்புகளுக்குப் பின் உரிமையை நிறைவேற்றும் பணியாகிறது.

ஐஐடி தில்லி குழுவினர் வெண்கோலோடு நின்றுவிடவில்லை. கோலின் துணையால் பேருந்து நிறுத்தம் வரை செல்ல முடிந்தவர்களுக்கு, வந்து நிற்பது எந்த எண் பேருந்து, அதன் வாசல் எங்கே என்பது தெரியவில்லை. இதற்காக உருவாக்கப்பட்டதே ‘ஆன்போர்டு’ என்ற கருவி. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் அருகில் நிற்கும் பேருந்தின் எண் ஒலிக்கும். விரும்பிய பேருந்தைத் தேர்ந்தெடுத்தால், அதன் வாசலருகே உள்ள ஒலிபெருக்கியிலிருந்து குரல் எழும். அத்திசையில் நடந்தால் படி வந்துவிடும். தில்லியிலும் மும்பையின் பெஸ்ட் பேருந்துகளிலும் இக்கருவி சோதிக்கப்பட்டுள்ளது. இதற்கு ஒவ்வொரு பேருந்திலும் ஒரு கருவி பொருத்தப்பட வேண்டும். அந்த முடிவை எடுக்க வேண்டியவை போக்குவரத்துக் கழகங்கள்.